அவசர சிகிச்சைப் பிரிவில் என்ன நடக்கிறது? நோயாளிகளும் உடன் வருவோரும் அறிய வேண்டியவை

மருத்துவமனையின் பிற பிரிவுகளுக்கு வருவோர் நாள் பார்த்து, நேரம் கேட்டு, பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு வருகின்றனர். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவ்வாறு வருவோர் எவரும் இல்லர். சமையலறையில் நின்றவர் நின்றவாறே, சாலையில் விழுந்தவர் விழுந்தவாறே வந்து சேர்கின்றனர். உடன் வருவோரின் காலில் செருப்புக்கூட இராது. அந்நிலையில் அறிமுகமற்ற ஓரிடத்தின் ஒழுங்குமுறைகளைப் புரிந்துகொள்வது எளிதன்று. ஆகவே, பதற்றமில்லாத வேளையில் ஒருமுறை படித்து மனத்தில் இருத்திக்கொள்ளும் பொருட்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எங்கள் பிரிவில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி நோயைப் பற்றியதன்று. "எங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் பார்க்கிறீர்களே, இது என்ன நியாயம்?" என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கான விடையிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் வந்தவரா, முதலில் காக்க வேண்டியவரா?

புறநோயாளிகள் பிரிவில் வரிசை எண் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவில் வரிசையைத் தீர்மானிப்பது உயிருக்கு உள்ள ஆபத்து. நீங்கள் உள்ளே நுழைந்ததும் பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ சில நிமிடங்களுக்குள் உங்களைப் பார்ப்பார். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சின் வேகம், உடல் வெப்பம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, சுயநினைவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். தேவையெனில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவையும் பார்ப்பார். இதனைத் 'தரம் பிரித்தல்' அல்லது 'ட்ரையாஜ்' என்கிறோம். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த தொமினிக் ழான் லாரே, காயமுற்றோரைப் பதவியின்படி அல்லாமல் காயத்தின் கடுமையின்படி கவனிக்கும் முறையைக் கடைப்பிடித்தார். படைத்தலைவரானாலும் காலாட்படை வீரரானாலும் முதலில் கவனிப்பைப் பெறுபவர், உடனடி உதவியின்றேல் இறந்துவிடக்கூடியவரே. அதே அறம்தான் இன்றும் எங்கள் வாசலில் நிற்கிறது.

தமிழ்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கு மூன்று நிறங்கள் பயன்படுகின்றன. சிவப்பு என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து. ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. மஞ்சள் என்றால் நிலைமை கடுமையானது. ஆயினும் சிறிது நேரம் கண்காணிப்பில் இருக்கலாம். பச்சை என்றால் சிகிச்சை தேவை. காத்திருப்பதால் உயிருக்கு ஊறு நேராது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாலை ஏழு மணிக்கு மணிக்கட்டு முறிந்த இளைஞர் வலியால் துடித்துக்கொண்டு வருகிறார். ஏழரைக்குக் கடும் காய்ச்சலுடன் ஒரு பெண்மணி வருகிறார். எட்டு மணிக்கு முதியவர் ஒருவர் தாமே நடந்து வந்து, "நெஞ்சில் ஏதோ வாயுப் பிடிப்பு போல இருக்கிறது" என்று மெல்லச் சொல்கிறார். அவர் சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. மூவரில் சத்தமின்றி நிற்பவர் அம்முதியவர். ஆயினும் முதலில் உள்ளே செல்ல வேண்டியவரும் அவரே. மாரடைப்பு பெரும்பாலும் அலறிக்கொண்டு வருவதில்லை. காத்திருக்கும் இளைஞரின் வலி பொய்யன்று. அவருக்கு வலி நீக்கும் மருந்து தரப்படும், கை அசையாமல் கட்டப்படும். ஆனால் அவருடைய எலும்பு ஒரு மணி நேரம் பொறுக்கும். முதியவரின் இதயத் தசை பொறுக்காது.

காத்திருக்க வைக்கப்படுவது ஒருவகையில் நற்செய்தி என்று நோயாளிகளிடம் நான் சொல்வதுண்டு. அதைக் கேட்டுச் சிலர் சினம் கொள்வர். பொருளை உணர்ந்தபின் அமைதியடைவர். ஆயினும் ஒன்றை மறவாதீர்கள்: முதலில் இடப்பட்ட நிறம் இறுதியானதன்று. காத்திருக்கும்போது மூச்சுத் திணறல், மயக்கம், புதிய வலி, வாந்தி, உளறல், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். "இப்போதுதானே பார்த்தார்கள்" என்று தயங்க வேண்டாம். நிறத்தை மாற்றுவதற்கு உங்கள் ஒரு சொல் போதும்.

சிவப்புப் பகுதிக்குள்

நிலைமை கடுமையாக உள்ளவரை உள்ளே கொண்டுசென்றதும் நான்கைந்து பேர் ஒரே வேளையில் அவரைச் சூழ்வர். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது குழப்பமாகத் தோன்றலாம். உண்மையில் அங்கு ஒரு நிலையான வரிசை உண்டு. முதலில் மூச்சுப்பாதை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்ப்போம். அடுத்து மூச்சு போதுமானதா, அதன்பின் இரத்த ஓட்டம், பிறகு நரம்பு மண்டலம். நோயின் பெயர் தெரியும்வரை சிகிச்சை காத்திருப்பதில்லை. பெயர் பின்னர் வரும், மூச்சு முன்னர் வரவேண்டும்.

விபத்துக்குள்ளானவரின் உடைகளைக் கத்தரியால் வெட்டிவிடுவோம். புதிய பட்டுச் சேலையானாலும் விதிவிலக்கில்லை. காயம் எங்கெங்கு உள்ளது என்பதை உடல் முழுவதும் பார்த்தே அறிய முடியும். உடையைக் கழற்ற உடலைப் புரட்டினால் முறிந்த முதுகெலும்பு நகர்ந்து தண்டுவடம் சிதையக்கூடும். நகைகளைக் கழற்றித் தருமாறு கேட்போம். விரலும் மணிக்கட்டும் வீங்கியபின் மோதிரமும் வளையலும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஸ்கேன் படத்தில் உலோகம் நிழல் வீழ்த்தி மறைக்கும். தாலியைக் கழற்றச் சொல்லும்போது குடும்பத்தினர் கலங்குவதைக் கண்டிருக்கிறோம். அதில் அமங்கலம் ஏதுமில்லை. மருத்துவத் தேவை மட்டுமே உள்ளது. குடும்பப் பெண்கள் ஒருவர் கையால் அதைக் கழற்றிப் பெற்றுக்கொள்ள எப்போதும் இடமளிப்போம். நகைகளைப் பெற்றுக்கொண்டவர் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும்.

உங்களை வெளியே நிற்கச் சொல்வது எதையும் மறைப்பதற்காக அன்று. மூச்சுக்குழாய் பொருத்துவதற்கும் நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்குவதற்கும் படுக்கையைச் சுற்றி இடம் வேண்டும். அவ்வேளையில் ஒருவர் மயங்கி விழுந்தால் நோயாளிகள் இருவராகிவிடுவர். நிலைமை ஓரளவு சீரானதும் மருத்துவர் வெளியே வந்து உங்களிடம் பேசுவார். நெடுநேரமாகியும் எவரும் வரவில்லையெனில், "எங்களிடம் பேச யாரேனும் வருவார்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

ஒரே கேள்வியை ஏன் பலர் கேட்கின்றனர்?

செவிலியர் கேட்பார், பணியிலுள்ள இளம் மருத்துவர் கேட்பார், சிறப்பு மருத்துவர் வந்து மீண்டும் தொடக்கத்திலிருந்து கேட்பார். "எத்தனை முறை சொல்வது?" என்ற சலிப்பு இயல்பே. ஆனால் முதல் முறை பதற்றத்தில் விட்டுப்போன செய்தி மூன்றாம் முறை நினைவுக்கு வருவது எங்கள் அன்றாட அனுபவம். அச்செய்தியே சிகிச்சையை மாற்றிவிடுவதும் உண்டு.

நீங்கள் சொல்ல வேண்டியவை இவை: தொல்லை எப்போது தொடங்கியது, எந்த மருந்து ஒவ்வாது, நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகள் யாவை, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இதயநோய், சிறுநீரக நோய், வலிப்பு உண்டா, முன்னர் அறுவை சிகிச்சை நடந்துள்ளதா, கடைசியாக எப்போது உணவு உண்டார். மருந்துகளின் பெயர் நினைவில்லையெனில் வீட்டில் உள்ள மருந்துப் பையை அப்படியே எடுத்து வாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்பவராயின் அதனை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அத்தகையவருக்குத் தலையில் சிறு அடிபட்டாலும் உள்ளே இரத்தம் கசியக்கூடும்.

சிலவற்றைச் சொல்ல மனம் வராது. மது, போதைப்பொருள், நாட்டு மருந்து, மணமாகாத பெண்ணின் கருவுறுதல், குடும்பச் சண்டை, பூச்சிமருந்து ஆகியன அவ்வகை. உறவினர் கூடியிருக்கும் இடத்தில் சொல்ல வேண்டியதில்லை. "தனியாகப் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். நாங்கள் நீதி வழங்க அமர்ந்தவர்கள் அல்லர். கருவுற்றிருப்பது தெரியாமல் ஒரு பெண்ணின் வயிற்று வலியை மதிப்பிட்டால், கருப்பைக்கு வெளியே வளர்ந்த கரு வெடித்து உள்ளே இரத்தம் பெருகுவதை நாங்கள் தாமதமாகவே உணர்வோம். அத்தாமதத்தின் விலை ஓர் உயிராக இருக்கலாம்.

பக்கவாதம் என்று ஐயுற்றால் நாங்கள் கேட்கும் கேள்வி சற்று வேறுபட்டது. "எப்போது பார்த்தீர்கள்?" என்பதைவிட, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதே முதன்மையானது. காலை ஆறு மணிக்கு எழுப்பும்போது கை விழுந்திருந்தது என்றால் ஆறு மணியைக் கணக்கிட இயலாது. இரவு பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் எனில் பத்து மணியே தொடக்கமாகக் கொள்ளப்படும். நடுவில் இரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்ததை எவரேனும் பார்த்திருந்தால் அச்செய்தி பொன் போன்றது. மூளைக் குழாயில் உறைந்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்ளாகவே செலுத்த வேண்டும். பெரிய குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டுள்ளனர்.

பரிசோதனைகளும் காத்திருப்பும்

நெஞ்சுவலியுடன் வருபவருக்குப் பத்து நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் விதி. அது இயல்பாக இருந்தும் வீட்டுக்கு அனுப்பாமல் ஏன் இருத்தி வைக்கின்றனர் என்று பலர் கேட்கின்றனர். மாரடைப்பின் தொடக்கத்தில் இ.சி.ஜி. மாற்றம் ஏதுமின்றி இருக்கலாம். இதயத் தசை சிதைந்தால் இரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்னும் புரதமும் உடனே உயர்வதில்லை. உயரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே சில மணி நேர இடைவெளியில் இரண்டாம் முறையும் இரத்தம் எடுக்கிறோம். "எடுத்த இரத்தத்தையே மறுபடி எடுக்கிறார்கள்" என்று எண்ண வேண்டாம். இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே விடையைத் தருகிறது.

பாம்புக்கடியில் இன்னொரு காத்திருப்பு உண்டு. சிறிது இரத்தத்தைத் தூய கண்ணாடிக் குழாயில் இட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்போம். அதற்குள் உறைந்தால் நன்று. உறையாவிடில் விரியன் வகை நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். குழாயை வைத்துவிட்டு ஏதும் செய்யாமல் நிற்பதாக உறவினர் கருதுகின்றனர். அந்த இருபது நிமிடமே பரிசோதனை. அவ்வேளையில் கண்ணிமை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா, கடிவாயில் வீக்கம் ஏறுகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேயிருப்போம். அத்தகைய அறிகுறி தெளிவாகத் தெரிந்தால் குழாய்க்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவோம். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. நம் நாட்டில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. அம்மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் நெடுங்காலமாக எடுத்து வழங்கி வருகின்றனர். பாம்பைத் தேடிச் செலவிடும் அரை மணி நேரம் அந்த மருந்துக்கு உரியது.

ஊசியும் குளுக்கோசும் குறித்து ஒரு சொல். "ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்" என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. நீரிழப்பு உள்ளவருக்கு அது உயிர் காக்கும். இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவருக்கு அதே நீர் நுரையீரலில் தேங்கி மூச்சை முட்டச் செய்யும். ஏற்றவில்லை என்பதால் கவனிக்கவில்லை என்று பொருளன்று.

உணவும் நீரும்

மருத்துவர் இசைவு தரும்வரை நோயாளிக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். இதனை மனம் ஏற்பது கடினம் என்பதை அறிவேன். "ஒரு வாய் காப்பிதானே" என்று தாய் கொடுப்பாள். ஆனால் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சைக்குத் திட உணவு உண்டு ஆறு மணி நேரமும், தெளிந்த நீர் பருகி இரண்டு மணி நேரமும் கழிந்திருப்பது பாதுகாப்பு. அந்தக் காப்பியால் அறுவை சிகிச்சை தள்ளிப்போகலாம். தள்ளிப்போட இயலாவிடில் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்து மிகும். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கும்; ஒரு மிடறு நீரும் மூச்சுக்குழாயில் இறங்கலாம். நாங்கள் விழுங்கும் திறனைச் சோதித்த பின்னரே நீர் தருவோம்.

வலி அவ்வாறன்று. வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. வலி மருந்து கொடுத்தால் வயிற்று வலியின் காரணத்தைக் கண்டறிய இயலாது என்று ஒரு காலத்தில் கருதினர்; இன்று அக்கருத்து கைவிடப்பட்டுள்ளது. வலி எவ்வளவு என்று சொல்லுங்கள். மருந்து கொடுத்த பின்னும் குறையவில்லை எனில் மறுபடியும் சொல்லுங்கள்.

உடன் இருப்பவரின் பணி

நம் ஊர்களில் ஒருவருக்கு உடல்நலமில்லை என்றால் தெருவே திரண்டு வருகிறது. அந்த அன்பு பெரிது. ஆயினும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவர் மட்டுமே உடனிருக்க இயலும். அடுத்த படுக்கையில் இருப்பவருக்கும் மறைவும் அமைதியும் வேண்டும். தொற்று பரவாமலும் இருக்க வேண்டும். சிறு குழந்தைகளை அழைத்துவருவதைத் தவிர்த்தல் நலம்.

குடும்பத்தின் சார்பில் மருத்துவரிடம் பேச ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நிதானமாகக் கேட்டு, கேட்டதைப் பிறருக்குச் சரியாகச் சொல்லக்கூடியவராக இருத்தல் வேண்டும். அவர் ஒரு தாளில் மூன்றை எழுதிக்கொள்ளட்டும்: இப்போது என்ன ஐயம், அடுத்து என்ன செய்யப்போகின்றனர், எப்போது மீண்டும் சொல்வார்கள். ஐந்து உறவினர் ஐந்து முறை தனித்தனியே கேட்டால், ஐந்து விதமாகப் புரிந்துகொண்டு, "ஆளுக்கொன்று சொல்கிறார்கள்" என்ற ஐயம் எழும். அவ்வையமே பல சச்சரவுகளுக்கு வித்தாகிறது.

புரியாத சொல்லை மருத்துவர் பயன்படுத்தினால், "எளிய தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கையொப்பமிடும் படிவத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மயக்கத்தில் உள்ள நோயாளியின் உயிரைக் காக்கும் சிகிச்சை உறவினரின் கையொப்பத்துக்காக நின்றுவிடாது. பிற சிகிச்சைகளுக்கு விளக்கம் பெற்ற பின்னரே ஒப்புதல் தர வேண்டும்.

பணம், காவல்துறை, சட்டம்

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தொட இன்னும் பலர் அஞ்சுகின்றனர். 1989ஆம் ஆண்டு பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், காயமுற்றவரின் உயிரைக் காப்பது அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் ஒவ்வொருவரின் கடமை என்றும், சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவியவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரத்தில் வரையறுக்கப்பட்ட அவசர சிகிச்சைகள், அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் உரிய உச்சவரம்புக்குள் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. வெளிமாநிலத்தவருக்கும் இது பொருந்தும். பிற நோய்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் வரவேற்பறையில் காட்டுங்கள். அட்டை கையில் இல்லையென்று வருவதைத் தாமதிக்க வேண்டாம். வீட்டிலிருந்து பிறகு எடுத்துவரலாம்.

விபத்து, தாக்குதல், தீக்காயம், நஞ்சு ஆகியவற்றில் விபத்துப் பதிவேட்டில் குறித்துக் காவல்துறைக்குத் தகவல் அனுப்புவது எங்கள் சட்டக் கடமை. அது எவர் மீதும் குற்றம் சாட்டுவதன்று. நடந்ததை நடந்தவாறே சொல்லுங்கள். படியில் விழுந்ததாகச் சொல்லிவிட்டுப் பின்னர் காப்பீட்டுக்காகச் சாலை விபத்து என மாற்றக் கோரினால் பதிவேட்டைத் திருத்த இயலாது.

நஞ்சு அருந்தியவரின் குடும்பத்தினருக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடும் மனஅழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும் எனவும், அவரைத் தண்டிக்கக் கூடாது எனவும் கூறுகிறது. வழக்குக்கும் ஊர்ப்பேச்சுக்கும் அஞ்சி மறைக்க வேண்டாம். எதை அருந்தினார் என்பது தெரிந்தால் அதன் புட்டியையோ உறையையோ கொண்டுவாருங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்" என்று வீட்டுக்கு அழைத்துச் செல்லவும் வேண்டாம். சில நஞ்சுகள் ஓரிரு நாள் அமைதியாக இருந்துவிட்டே ஈரலைத் தாக்கும். உடல் தேறியபின் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் சிகிச்சையின் பகுதியே. மனச்சுமை தாங்காத எவரும் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணிலோ 104 என்ற எண்ணிலோ பேசலாம்.

அதன் பிறகு

அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன: உள்நோயாளியாகச் சேர்த்தல், வேறு மருத்துவமனைக்கு அனுப்புதல், வீட்டுக்கு அனுப்புதல். சேர்ப்பது முடிவான பின்னும் படுக்கை காலியாகும்வரை காத்திருக்க நேரலாம். அதுவரை சிகிச்சை நிற்பதில்லை. வேறிடத்துக்கு அனுப்ப வேண்டுமாயின், மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் இயன்றவரை நிலைப்படுத்தி, அம்மருத்துவமனையுடன் பேசி, குறிப்புகளுடன் அனுப்புவோம். குறிப்புச் சீட்டைப் பெறாமல் புறப்பட வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்புவது "நோயே இல்லை" என்ற சான்றிதழ் அன்று. இப்போதைக்கு ஆபத்து தென்படவில்லை என்பதே அதன் பொருள். தலையில் அடிபட்டு வீடு திரும்பியவருக்குத் தலைவலி வலுத்தல், மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்ப முடியாத உறக்கம், உளறல், வலிப்பு, கைகால் தளர்ச்சி, மூக்கிலோ காதிலோ நீர்போல் ஒழுகுதல் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் நள்ளிரவானாலும் திரும்பி வாருங்கள். உங்கள் சீட்டின் இறுதியில் எழுதப்பட்டிருக்கும் 'மீண்டும் வரவேண்டிய அறிகுறிகள்' என்ற பகுதியைப் புறப்படுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவரின் அறிவுரைக்கு மாறாக நோயாளியை அழைத்துச் செல்ல விரும்புவோரும் உண்டு. காரணம் பெரும்பாலும் பணம், அல்லது வீட்டில் விட்டு வந்த குழந்தை. கையொப்பமிட்டுச் செல்லும்முன் அக்காரணத்தை எங்களிடம் சொல்லுங்கள். பல வேளைகளில் வழி ஒன்று கிடைத்துவிடும்.

எல்லா முயற்சியும் பலனளிக்காத நாளும் உண்டு. அதையும் இங்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவ்வேளையில் மருத்துவர் உங்களை ஓரிடத்தில் அமரவைத்து, சுற்றிவளைக்காமல், "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்திச் சொல்வார். அது கடுமை அன்று. மங்கலான சொற்கள் இல்லாத நம்பிக்கையை ஊட்டிப் பின்னர் இருமடங்காக வருத்தும். என்ன செய்யப்பட்டது, ஏன் பலிக்கவில்லை என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. அன்றே கேட்க இயலாவிடில் சில நாள் கழித்து வந்தும் கேட்கலாம். உடலைப் பார்க்கவும் அருகில் அமரவும் நேரம் தரப்படும். துயரம் சினமாக மாறுவது மனித இயல்பு. ஆனால் அச்சினம் கண்ணாடிக் கதவின்மீதோ செவிலியர்மீதோ இறங்கினால், அக்கணத்தில் சிவப்புப் பகுதியில் கிடக்கும் இன்னொருவரின் சிகிச்சை நின்றுபோகிறது. அவருக்கும் வெளியே ஒரு குடும்பம் காத்திருக்கிறது.

புறப்படுவதற்கு முன்

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் விழுதல், பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம், நிற்காத இரத்தப்போக்கு, கருவுற்ற பெண்ணுக்கு இரத்தப்போக்கு, குழந்தை பால் குடிக்காமல் துவளுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் 108ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கிவரும் அச்சேவைக்குக் கட்டணம் இல்லை. பயிற்சி பெற்ற உதவியாளரும் ஆக்சிஜனும் வாசலுக்கே வருகின்றனர். நெஞ்சுவலி உள்ளவரை இருசக்கர வாகனத்தின் நடுவில் உட்காரவைத்து அழைத்துவருவதைவிட அது பாதுகாப்பானது.

நெஞ்சுவலிக்குச் சோடா குடித்துவிட்டு வாயு கலையக் காத்திருக்க வேண்டாம். வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம்; ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் நுழைக்காமல் இருங்கள். தீக்காயத்தின்மீது மையோ மாவோ பற்பசையோ தடவாமல், ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். நாய் கடித்த புண்ணைச் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பாம்பு கடித்த இடத்தைக் கீறவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ வேண்டாம்; நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள்.

இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒரு தாளில் குடும்பத்தினர் ஒவ்வொருவரின் பெயர், வயது, நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், முன்னர் நடந்த அறுவை சிகிச்சைகள், அழைக்க வேண்டிய இருவரின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை எழுதுங்கள். அதனைக் குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் இருக்கும் உறையிலேயே வையுங்கள். உறை எங்கே உள்ளது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அவசரமாகப் புறப்படும் இரவில் அந்த ஒரு தாள் உங்களுக்கு முன்பே எங்களிடம் பேசத் தொடங்கிவிடும்.